விதைக்கு விட்ட அவரை

மாசி மாதக் கடைசியில், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், என் மனைவி முப்பத்தோரு வருஷமாகக் காப்பாற்றி வந்த ஒன்றை நான் பத்தே நிமிஷத்தில் கொளுத்திவிட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. தோட்டத்தைச் சுத்தம் செய்தேன், அவ்வளவுதான். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று கிளம்புகிற ஆண்களிடம் வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது என்று இப்போது சொல்வேன். அப்போது யார் சொன்னாலும் கேட்டிருக்க மாட்டேன்.

நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். சர்வீஸில் பெரும்பகுதி மலை வண்டி. விடியற்காலையில் கள்ளக்குறிச்சியில் எடுத்தால் கச்சிராயபாளையம், அதற்கப்புறம் கல்வராயன் மலை ஏற்றம், வெள்ளிமலையில் ஒரு டீ, திரும்ப இறக்கம். ஒரு நாளைக்கு எத்தனை முறை ‘உள்ள போ, உள்ள போ’ என்று கத்தியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. போன வருஷம் வைகாசியில் ஓய்வு கொடுத்தார்கள். தொண்டை மட்டும் ஓய்வு பெறவில்லை என்று என் மகள் சொல்வாள். அவள் சின்னசேலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என் பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்து என்னைக் கேலி செய்துவிட்டுப் போவாள்.

எங்கள் வீடு ஊரின் ஓரத்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஐந்து சென்ட் தோட்டம். ஒரு மா, ஒரு முருங்கை, வேலியோரம் ஒரு வேம்பு, மீதி எல்லாம் என் மனைவி வைத்தவை. வைத்தவை என்றுகூடச் சொல்ல முடியாது. விட்டவை என்று சொல்லலாம். கத்தரிக்கு நடுவில் கீரை முளைத்திருக்கும். கீரைக்கு நடுவில் எங்கிருந்தோ வந்த மணத்தக்காளி நிற்கும். பூசணிக்கொடி துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு போகும். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஆனி மாதத்தில் ஒருநாள் அந்தத் தோட்டத்தை நன்றாகப் பார்த்தேன். தீபாவளிக்கு முதல் நாள் வண்டி மாதிரி இருந்தது. ஒருத்தர் மேல் ஒருத்தர், படியில் தொங்கிக்கொண்டு. என் கை பரபரவென்றது.

கயிறு கட்டினேன். வரிசை போட்டேன். செங்கல்லை அடுக்கிப் பாத்தி பிரித்தேன். இது கத்தரி, இது வெண்டை, இது மிளகாய் என்று பலகை எழுதி நட்டேன். கீரை, களை எல்லாவற்றையும் இறக்கிவிட்டேன். பேத்தி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, “தாத்தா, செடிக்கெல்லாம் டிக்கெட் குடுத்துட்டியா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். என் மனைவியும் சிரித்தாள். அவளுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி மாமரத்தடியில் போட்டேன். இனிமேல் நீ உட்கார்ந்து பார், எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். அவள் உட்கார்ந்தாள். பெரிய உதவி செய்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் எழுந்து, பின்கதவைத் திறந்துகொண்டு தோட்டத்துக்குப் போவாள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அடுப்பு பற்றவைப்பாள். இதை மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் நான் கச்சிராயபாளையம் தாண்டியிருப்பேன். ஓய்வு பெற்ற பிறகு நானும் அவளோடு கூடவே எழுந்து, கூடவே போனேன். போனவன் சும்மா இருந்தேனா என்றால், இல்லை. வண்டியில் நடந்தது, டிப்போவில் நடந்தது, எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர் என்று நான் பேசிக்கொண்டே இருப்பேன். கண்டக்டருக்குப் பேசாமல் இருக்கத் தெரியாது. அவள் உம் கொட்டிக்கொண்டு தண்ணீர் ஊற்றுவாள். நாங்கள் இருவரும் சேர்ந்து தோட்டம் போடுகிறோம் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

வேலி மூலையில் ஒரு அவரைப் பந்தல் இருந்தது. ஆடியில் ஊன்றியது. தையிலும் மாசியிலும் கூடை கூடையாகக் காய்த்து, தெருவுக்கே கொடுத்து முடித்திருந்தோம். விளிம்பில் ஊதா ஓடிய பட்டை அவரை. பொரியல் செய்தால் தெருமுனையிலேயே வாசனை தெரியும். மாசிக் கடைசியில் கொடி காய்ந்து, இலை உதிர்ந்து, பார்க்கச் சகிக்காமல் தொங்கியது. அந்த வெள்ளிக்கிழமை அவள் கோயிலுக்குப் போயிருந்தாள். வருவதற்குள் மூலையைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தேன். கொடியைப் பிடித்து இழுத்தபோது உச்சியில் முற்றிக் காய்ந்த காய்கள் கொத்தாக இருந்ததையும், ஒவ்வொரு கொத்திலும் ஒரு நீலத்துணிக் கிழிசல் கட்டியிருந்ததையும் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என்ன துணி என்று யோசிக்கத்தான் இல்லை. மாஞ்சருகோடு சேர்த்துக் குவித்து நெருப்பு வைத்தேன். காய்கள் படபடவென்று வெடித்தன.

விதைக்கு விட்ட காயில் துணி கட்டுவது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். நல்ல காயாகப் பார்த்து, பறிக்காமல் கொடியிலேயே முற்றி உலர விடுவார்கள். யாரும் தவறிப் பறித்துவிடக் கூடாது என்பதற்காகத் துணி கட்டுவார்கள். அந்தத் துணியைப் பார்த்தால் திருட வந்தவன்கூடக் கையை எடுத்துக்கொள்வான். நான் திருடனைவிட மோசமாகப் போய்விட்டேன்.

அவள் கோயிலிலிருந்து வந்து நெற்றிக் குங்குமத்தோடு நின்று புகையைப் பார்த்தாள். மேலே துணி கட்டி வைத்திருந்தேனே என்று கேட்டாள். அதுவும் போய்விட்டது என்றேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், கடையில் பாக்கெட் விதை கிடைக்கும், வாங்கித் தருகிறேன் என்று சொன்னேன். “வுடுங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்த அவரை அவள் அம்மா கொடுத்தது. களமருதூரில் கல்யாணம் முடிந்து நாங்கள் கிளம்பும்போது, மஞ்சள் நனைத்த துணியில் ஒரு பிடி விதையை முடிந்து மகள் கையில் வைத்தார் மாமியார். அந்த வருஷமே ஊன்றினாள். ஒவ்வொரு வருஷமும் விதைக்கு விட்டு, அடுத்த ஆடியில் அதையே ஊன்றி, இத்தனை வருஷம் ஒரு கண்ணியும் அறாமல் கொண்டுவந்திருந்தாள். பழைய விதை சரியாக முளைக்காது என்பதால் மிச்சம் எதையும் வைத்துக்கொள்ள மாட்டாள். மாமியார் தவறி எட்டு வருஷம் ஆகிறது. அம்மாவிடமிருந்து என்று அவளிடம் இருந்தது அந்தக் கொடி ஒன்றுதான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் நெருப்பு வைத்த அன்று ஞாபகத்துக்கு வரவில்லை என்பதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலையில் அவள் தோட்டத்துக்கு வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன். அதற்கு மறுநாளும் வரவில்லை. எழுந்து குளித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்து டி.வி.யில் ராசிபலன் பார்த்தாள். அவளுக்கு ராசிபலனில் நம்பிக்கை கிடையாது. என்னிடம் சண்டை போடவில்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, சட்டை துவைத்து வந்தது, கேட்டதற்குப் பதில் வந்தது. சண்டை போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி எப்படியாவது முடித்திருப்பேன்.

அப்படியே பங்குனி பிறந்தது. வருஷத்திலேயே தோட்டம் நன்றாக இருக்கிற மாதம் அதுதான். வேம்பு பூத்துத் தரையெல்லாம் வெள்ளையாகக் கொட்டியது. மாவில் பிஞ்சு கோலிக்குண்டு அளவுக்கு வந்துவிட்டது. தெருவில் நிற்கிற புங்கை தளிர்விட்டு, வெயில் பட்டால் கண் கூசியது. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாக வந்து சருகைக் கிளறி, சண்டை போட்டு, கும்பலாகவே கிளம்பிப் போயின. மல்லிகை மொட்டு வைத்தது. ஒருநாள் சாயங்காலம் அவள் பின்கதவு நிலையில் நின்று, பூ இருந்தால் கொஞ்சம் பறித்துக் கொடுங்கள் என்று என்னைக் கேட்டாள். தன் கையால் வைத்த செடியிலிருந்து, பூக்காரரிடம் கேட்கிற மாதிரி கேட்டாள். அன்று பறித்துக் கொடுத்துவிட்டு வெகுநேரம் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தோட்டம் முழுக்க எனக்குக் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

நான் கடையில் வாங்கிவந்த விதைப் பாக்கெட்டை அவள் பெருங்காய டப்பா பக்கத்தில் பிரிக்காமலே வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்த மகள் அதைப் பார்த்து விசாரித்தாள். என்னைத் தனியாக மாமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

“இன்னாப்பா பண்ணி வெச்சிருக்க நீ?”

அவரைக்கொடி போன கதையைச் சொன்னேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, மலையில் இருக்கிற ஒருத்தருக்கு அம்மா வருஷா வருஷம் அவரை விதை கொடுத்து அனுப்புமே, நீதானே கொண்டுபோய்க் கொடுப்பாய் என்று கேட்டாள்.

ஆமாம். மலை ஏறி முடிகிற இடத்தில் புளியமரத்து ஸ்டாப் என்று ஒன்று உண்டு. அங்கே புளிக்கூடையோடு ஏறுகிற ஒரு அம்மா. ஒருமுறை பேச்சுவாக்கில், என் வீட்டுக்காரி பலாப்பழம் என்றால் உயிரை விடுவாள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். மறுநாளே ஒரு பழம் வந்தது. பதிலுக்கு என் மனைவி காபித்தூள் அனுப்பினாள். அங்கிருந்து சாமை, கடுக்காய், தேன். இங்கிருந்து புடவை, ஊறுகாய், சின்னச் சின்னத் துணி முடிச்சு. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்ததில்லை. நான்தான் நடுவில் லக்கேஜ் சுமந்தேன், அதுவும் முணுமுணுத்துக்கொண்டே. அந்த முடிச்சில் என்ன இருக்கிறது என்று ஒருநாளும் பிரித்துப் பார்த்ததில்லை.

மறுநாளே மலை வண்டி ஏறினேன். ஓய்வு பெற்ற பிறகு முதல் தடவை. புதுக் கண்டக்டர் என்னை யாரென்று தெரியாமல், “பெரியவரே, உள்ள போங்க, வழிய மறிச்சுக்கினு நிக்காதீங்க” என்றான். முப்பது வருஷமாகச் சொன்னதை அன்றைக்குத்தான் வாங்கிக்கொண்டேன். மலையில் பங்குனி வேறு மாதிரி இருந்தது. இலையே இல்லாத முருக்க மரங்கள் சிவப்பாகப் பூத்து நின்றன. இலுப்பைப்பூ வாசனை ஜன்னல் வழியாக வந்தது. இத்தனை வருஷம் இந்தப் பாதையில் போயும் நான் ஜனங்களின் தலையையும் டிக்கெட்டையும்தான் பார்த்திருக்கிறேன்.

புளியமரத்து ஸ்டாப்பில் இறங்கி விசாரித்துப் போனேன். அந்த அம்மா வாசலில் புளியை உடைத்து, ஓடு தனியாக, சதை தனியாகப் பரப்பிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கூரை மேலே காய்ந்த அவரைக்கொடி படர்ந்திருந்தது. அதன் உச்சியில் கொத்துக் கொத்தாகக் காய்ந்த காய், ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசல். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். அக்கா எப்படி இருக்காங்க என்று கேட்டார். அவரைக்கொடி தீயில் போய்விட்டது, கொஞ்சம் விதை வேண்டும் என்றேன். எப்படித் தீ பிடித்தது என்று கேட்டார்.

“நான்தாம்மா வெச்சேன்” என்றேன். அதுவரை யாரிடமும் அப்படி வெளிப்படையாகச் சொல்லியிருக்கவில்லை. மகளிடம்கூட, ‘கொடி காஞ்சு கெடந்துச்சு, குப்பையோட போயிடுச்சு’ என்றுதான் சொல்லியிருந்தேன்.

அவர் கையிலிருந்த புளியைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார்: “வெதைக்குத் தீ வெச்ச கையில வெத குடுக்கக் கூடாதுங்க. அக்காவ கூட்டிக்கினு வாங்க, அவங்க மடியில போடறேன். ரிட்டயர் ஆனா கூட்டிக்கினு வரேன்னு நீங்கதான எத்தினியோ வருசமா சொல்லிக்கினு இருந்தீங்க.”

சொல்லியிருக்கிறேன். இறங்குகிற அவசரத்தில் எல்லாருக்கும் எதையாவது சொல்லிவிட்டுப் போகிற வாய் இது. அந்த அம்மா அதை நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார். வெறுங்கையோடு கீழே இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து சமையலறை வாசலில் நின்றேன். அவள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். மலைக்குப் போனது, கூரையில் துணி பார்த்தது, அந்த அம்மா சொன்னது எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பிறகு, தப்பு என்மேல்தான் என்றேன். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அந்த வாக்கியத்தை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அது வாயிலிருந்து வெளியே வர எவ்வளவு சிரமப்பட்டது என்று எனக்குத்தான் தெரியும். அவள் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

“அந்தம்மா வூட்ல இன்னும் இருக்குதா?” என்று கேட்டாள். கரண்டி கையிலேயே நின்றது. முகம் மூன்று வாரத்தில் முதல்முறையாக வெளிச்சமாக இருந்தது. அடுத்த நிமிஷமே, பஸ் எனக்கு ஒத்துக்காதே என்றாள். ஒத்துக்கொள்ளாதுதான். அதனாலேயே, புருஷன் இத்தனை வருஷம் ஏறி இறங்கிய மலையை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். ஒரு புடவை, காபித்தூள், வடுமாங்காய் ஒரு பாட்டில், கையில் முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம். மூன்றாவது வளைவிலேயே எலுமிச்சம்பழம் தோற்றுப்போனது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாந்தி எடுத்தவளின் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன். வாந்தி எடுத்தவர்களை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்று அப்போது வரிசையாக ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வளைவிலும் அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த வயதில் இதைச் சொல்ல என்ன வெட்கம்?

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டபோது நான் அறிமுகம் செய்து வைக்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போய்விட்டார்கள். என்னை வாசலில் புளிக்குக் காவலாக உட்கார வைத்தார்கள். கோழி வந்தால் விரட்டச் சொன்னார்கள். விரட்டினேன். பின்பக்கத்திலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தது. என் மனைவி அப்படி விடாமல் பேசுவாள் என்பதே எனக்குத் தெரியாது. என்னைப் பற்றித்தான் பேச்சு. வரிசை, பலகை, பிளாஸ்டிக் நாற்காலி எல்லாம் வந்தது. அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். நானும் வாசலில் உட்கார்ந்தபடி சிரித்தேன். அப்புறம் என் மனைவி குரலைக் கொஞ்சம் தாழ்த்திச் சொன்னாள்.

“வூடு அவருது, ஊரு அவருது. தோட்டம் ஒண்ணுதான் எனுதுன்னு இருந்துச்சு. ரிட்டயர் ஆயி வந்து அதுலயும் ஏறிக்கினாரு. அவர எங்க எறங்கச் சொல்றது, சொல்லு.”

அதைச் சொல்லிவிட்டும் சிரித்தாள். நான் சிரிப்பை நிறுத்திவிட்டேன். அவரையை எரித்தது ஒருநாள் தப்பு. நான் ஆனி மாதத்திலிருந்தே தப்பு செய்துகொண்டிருந்திருக்கிறேன். அன்பு என்று நினைத்துக்கொண்டே செய்திருக்கிறேன். கோழி ஒன்று புளியில் ஏறி நடந்தது. அதை விரட்டக்கூட எழுந்திருக்கவில்லை.

கிளம்பும்போது அந்த அம்மா கூரையிலிருந்து காய்களை இறக்கி, உரித்து, என் மனைவி ஏந்திய மடியில் விதையைப் போட்டார். கறுப்பில் ஓரமாக வெள்ளைக்கோடு போட்ட விதைகள். மாமியார் கொடுத்த அதே விதை. அவள் முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இறக்கத்தில் அவளுக்கு வாந்தி வரவில்லை. ஒரு கை முடிச்சின் மேலேயே இருந்தது.

மறுநாள் விடிவதற்கு முன்னால் பின்கதவின் தாழ்ப்பாள் சத்தம் கேட்டது. சட்டென்று எழுந்தேன். எழுந்தவன் மறுபடி படுத்துக்கொண்டேன். குழாய் திறக்கிற சத்தம், வாளி சத்தம், வேப்பமரத்தில் குயில். மல்லிகைப் பாத்தியில் எறும்பு இருக்கிறது என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். கண்டக்டர் உத்தியோகத்தில் இருந்த எந்தக் கஷ்டமும் அந்த அரைமணி நேரத்துக்கு ஈடில்லை. கடைசியில் அவளே கூப்பிட்டாள். “முழிச்சுக்கினுதான இருக்கீங்க, வாங்க.”

போனேன். வேலிப்பக்கம் என் கயிற்றையும் செங்கல்லையும் எடுத்து ஓரமாக வைத்திருந்தாள். நான் எங்கே நிற்கட்டும் என்று கேட்டேன். அவள் மாமரத்தடியைக் காட்டி, “அங்க நில்லுங்க. பேசாம நில்லுங்க” என்றாள்.

பேசாமல் நின்றேன். அவள் கீழே குனிந்து, அவரைப் பந்தல் இருந்த மூலையில் சாம்பலைக் கிளறி மண்ணோடு கலந்தாள். இத்தனை நாள் என் பேச்சில் கேட்காமல் போன ஒன்று அப்போதுதான் கேட்டது. அவள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். முதலில் என்னிடம் என்று நினைத்தேன். என்னிடம் இல்லை.

“கெடச்சுடுச்சும்மா. ஆடியில போட்டுடறேன். நீ கவலப்படாத.” மண்ணைத் தட்டிச் சமன் செய்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே, அதே குரலில், “இவருதாம்மா கூட்டிக்கினு போனாரு” என்றாள்.